நல்ல தண்ணீர்க் கடலின் கரையிலே

தீவுப்பற்றிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் அவ்வூர்த் தண்ணீரில் ஒரு மிடறு குடித்துப் பார்த்த பின்னரே அவ்வூரைப் பற்றி ஓர் அபிப்பிராயம் கொள்வார்கள். உவர்நீர்க் கிணறுகளுக்கு நடுவே, நல்ல தண்ணீருக்காகக் குடத்தோடு நெடுந்தூரம் நடந்த காலத்துப் பழக்கம் அது. கடல் கடந்து போனாலும் விட்டுப் போவதில்லை. சென்ற ஆண்டு ஒக்டோபர் மாத முற்பகுதியில், அமெரிக்காவின் வட எல்லையிலுள்ள மினசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்கரையிலே காரை விட்டு இறங்கியதும் எமது மனைவி செய்த முதற் காரியம் அதுவே. கூழாங்கற்களின் மேல் அலை வந்து மோதிக்கொண்டிருந்தது. மறுகரை கண்ணுக்கு எட்டவில்லை. தூரத்திலே ஒரு கப்பல் அடிவானத்தோடு ஒட்டி நின்றது. குனிந்து ஒரு விரலை நனைத்து நாவில் வைத்துப் பார்த்துவிட்டு, "கடல் போல அலை அடிக்குது, ஆனால் நல்ல தண்ணி!" என்று வியந்து நின்றார். விரல் விறைத்துப் போயிற்று என்பது அதன் பின்னரே அவருக்கு உறைத்தது.

இவ்வேரியைக் கடல் என்று சொன்னதில் பிழையொன்றும் இல்லை. அதன் பரப்பு ஏறத்தாழ 31,700 சதுர மைல். நமது இலங்கைத் தீவின் பரப்பு 25,000 சதுர மைலுக்குச் சற்று மேற்பட்டதே. ஆழமான இடத்தில் 1,333 அடி. உலகிலுள்ள ஏரிகளிலும் ஆறுகளிலும் காணப்படும் நன்னீரில் பத்தில் ஒரு பங்கு இந்த ஒரு பள்ளத்திலே கிடக்கின்றது. இக்கரைகளில் நெடுங்காலமாக வாழ்ந்து வரும் ஒஜிப்வே மக்களும் இதனைப் பெருங்கடல் என்ற பொருளில் 'கிச்சிகாமி' என்றே அழைத்து வந்தனர்.

எம்மை அங்கு அழைத்துச் சென்றவர், மினியாப்பொலிஸ் நகரில் தொழில் புரியும் எமது தமக்கையாரின் மகன். "மாமா, மாமி, இலை நிறம் மாறுகிற காலத்தில் ஒருமுறை வந்து பாருங்கோ" என்று பல ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் மருமகனுக்கு விடுமுறை கிடைத்ததோ ஒரு வாரம் பிந்தி! இந்தப் பிரதேசத்தில் நிறம் மாறும் பருவம் இரண்டு. ஏரிக்கு அப்பால் உள்ள மலைமுடிகளில் மேப்பிள் மரங்கள் செப்டெம்பர் மாதக் கடைசியிலே சிவந்து விடுகின்றன. கரையோரத்துப் பேர்ச், அஸ்பென் மரங்களோ, கோடையின் வெம்மையை ஏரி நெடுநாள் தேக்கி வைத்திருப்பதனால், ஒக்டோபரிலேதான் மஞ்சளாகின்றன. நாம் சிவப்பைத் தவற விட்டோம். பொன்னிறம் எமக்குக் கிடைத்தது.

மாணவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பகற்பொழுது குறுகத் தொடங்கியதும் இலையிலுள்ள பச்சையம் சிதைந்து போகிறது. கோடை முழுவதும் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த மஞ்சள் நிறம் அப்பொழுது வெளிப்படுகின்றது. பேர்ச் மரத்தின் பொன்னிறம் இவ்வாறு வருவதே. மேப்பிளின் சிவப்போ ஒளிந்திருந்ததன்று. உதிர்வதற்கு முன் தன்னிடம் எஞ்சியுள்ள சர்க்கரையைக் கொண்டு அவ்விலை புதிதாக ஆக்கிக் கொள்வது. சாகப் போகிற இலைக்கு இத்தனை அலங்காரம் எதற்கென்று எமது மனைவி கேட்டார். எமக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

பயணம் டுலூத் நகரிலே தொடங்கிற்று. அங்கே துறைமுக வாய்க்காலுக்குக் குறுக்கே, 1905ஆம் ஆண்டில் கட்டி 1930ஆம் ஆண்டளவில் மாற்றியமைத்த ஓர் இரும்புப் பாலம் உண்டு. கப்பல் வருங்கால் பாலத்தின் நடுப்பகுதி, சமதளமாகவே, அப்படியே மேலே உயர்ந்துவிடும். நாம் நின்ற வேளையில் இரும்புத்தாது ஏற்றும் கப்பலொன்று உள்ளே வந்தது. ஆயிரம் அடி நீளம். கை நீட்டினால் தொடலாம் போன்ற அண்மையில் அது நகர்ந்து செல்ல, முன்பக்கம் போன பின்னரும் நடுப்பக்கம் வந்து கொண்டேயிருந்தது. கப்பல் ஊதிற்று, பாலமும் பதிலுக்கு ஊதிற்று. அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து 2,300 மைல் உள்ளே இருக்கும் இத்துறைக்கு, 1959ஆம் ஆண்டில் சென் லோறன்ஸ் நீர்வழி திறக்கப்பட்ட நாள் முதல் பெரிய சமுத்திரக் கப்பல்களும் வந்து போகின்றன.

அங்கிருந்து கனடா எல்லை வரை, ஏறத்தாழ 150 மைல், ஏரியை வலப்பக்கத்தில் வைத்துக்கொண்டு 61ஆம் இலக்க நெடுஞ்சாலை செல்கின்றது. இடப்பக்கத்தில் மலைச்சரிவு; சரிவு முழுவதும் மஞ்சள். மஞ்சள் என்று சொல்லிவிட்டால் போதாது. மாம்பழத்தின் மஞ்சளும், சாமந்தியின் மஞ்சளும், பழுத்த பலாவிலையின் மஞ்சளும் அடுத்தடுத்து நின்றன. அவற்றுக்கு ஊடே பேர்ச் மரங்களின் அடிமரம் சுண்ணாம்பு பூசிய தூண்கள் போல் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. வெயில் விழுந்தபோது காருக்குள்ளே எம் கைகளும் மஞ்சளாயின.

நாற்பதாவது மைலளவில் கூஸ்பெரி ஆறு பாறைப்படிகளில் விழுந்து ஏரியிற் கலக்கின்றது. அங்கே நீர்வீழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு நின்ற எம்மிடம், நரைத்த தலையினரான பூங்காக் காவலர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். இத்தகைய அழகிய காடு தொன்று தொட்டு இவ்வாறே இருந்ததா என்று நாம் கேட்டோம். அவர் சிரித்துவிட்டுச் சொன்ன விடயம் எம்மைத் திடுக்கிட வைத்தது.

இக்கரையோரத்தில் ஒரு காலத்தில் ஓங்கி நின்றவை வெள்ளைப் பைன் மரங்கள். 1890ஆம் ஆண்டுகளிலே மரக் கம்பனிகள் வந்தன. முப்பது ஆண்டுகளுக்குள் வெட்டி முடித்துவிட்டன. வெட்டிய பின் எஞ்சிய கொப்புக் குழைகளில் தீப்பற்றிக் காடு மீண்டும் மீண்டும் எரிந்தது. எரிந்த வெற்று நிலத்தில் முதலில் முளைப்பவை பேர்ச்சும் அஸ்பெனும். இன்று ஆயிரக்கணக்கானோர் காரில் வந்து கண்டு மகிழும் இப்பொன்னிறக் காடு, கோடரிக்கும் தீக்கும் பிறந்த பிள்ளை! அதுமட்டுமன்று. ஒரே காலத்தில் முளைத்த மரங்கள் ஒரே காலத்தில் மூப்படைகின்றன. பேர்ச் மரத்தின் ஆயுள் எண்பது அல்லது நூறு ஆண்டு. அவர் சுட்டிக்காட்டிய பின்னரே எமக்கும் தெரிந்தது: பொன்னிலைகளுக்கு நடுவே உச்சி முறிந்து பட்டு நின்ற மரங்கள் பல. பைன் கன்று தானாக முளைத்தாலும் மான்கள் குருத்தைக் கடித்துவிடுகின்றன. ஆகவே கன்றுகளுக்குக் கம்பிக்கூடு கட்டியும், குருத்துக்கு மேல் கடதாசியை மடித்துப் பொருத்தியும் காப்பாற்றுகிறார்களாம். "இப்போது கன்றுகளைக் காண முடியாது, இலை மறைத்திருக்கிறது" என்றார்.

அதன் பின்பு நாம் அந்த மஞ்சளை வேறு விதமாகவே பார்த்தோம்.

சிறிது தூரத்தில் ஸ்பிளிற் றொக் வெளிச்சவீடு. செங்குத்தான பாறையின் தலையிலே மஞ்சட் செங்கல்லாற் கட்டப்பட்டது. 1905ஆம் ஆண்டு நவம்பர் 28ஆந் தேதி அடித்த புயலிலே முப்பது கப்பல்கள் வரையிற் சேதமுற்றன. 'மற்றாபா' என்னும் கப்பல் டுலூத் வாய்க்காலின் வாயிலிலேயே தரைதட்ட, கரையில் நின்ற பெருந்திரளான மக்களின் கண்ணெதிரே மாலுமிகள் ஒன்பது பேர் குளிரில் விறைத்து மாண்டனர். அந்த அவலத்தின் பயனாக எழுந்ததே இவ்வெளிச்சவீடு. 1910ஆம் ஆண்டு ஜூலை 31ஆந் தேதி முதன்முதல் ஏற்றப்பட்டது. அப்பொழுது அங்கே றோட்டு இல்லை. செங்கல், சீமெந்து, கண்ணாடி அனைத்தும் தோணியில் வந்து, பாரந்தூக்கியினாற் பாறைக்கு மேல் ஏற்றப்பட்டன. 1969ஆம் ஆண்டுடன் அதன் சேவை முடிந்தது. ஆயினும் ஆண்டில் ஒரு நாள் மாலையில், நவம்பர் 10ஆந் தேதி, அவ்விளக்கை நினைவுக்காக ஏற்றுகிறார்கள். 1975ஆம் ஆண்டு அதே நாளில், இரும்புத்தாது ஏற்றிச் சென்ற 'எட்மன்ட் பிற்ஸ்ஜெரால்ட்' என்னும் கப்பல் இவ்வேரியில் மூழ்கி, அதிலிருந்த 29 பேரும் இறந்தனர். அவர்களுடைய பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து மணி அடிப்பது வழக்கம். கடலுக்குப் போனவன் திரும்பாத வீடு எங்கள் ஊரிலும் உண்டு. எமது மனைவி கீழே நீரைப் பார்த்தபடி வெகுநேரம் பேசாதிருந்தார்.

அடுத்து வந்தது சில்வர் பே என்னும் ஊர். அழகிய பெயர், ஆனால் அழகுக்காக அங்கே ஒருவரும் நிற்பதில்லை. இரும்புத்தாதைப் பிரித்தெடுக்கும் ஆலையொன்று அங்கு இருக்கின்றது. 1955ஆம் ஆண்டு முதல் அவ்வாலையை நடத்திய றிசேர்வ் மைனிங் என்னும் கம்பனி, தாதை எடுத்த பின் மிஞ்சும் கல்மாவை நாளொன்றுக்கு 67,000 தொன் வீதம் ஏரிக்குள்ளே கொட்டிற்று. 1973ஆம் ஆண்டில், டுலூத் மக்கள் குடிக்கும் ஏரி நீரிலே கல்நாரை ஒத்த நுண்ணிழைகள் இருப்பதாக அறிவிக்கப்பட்டபோது நாடெங்கும் பெரும் பரபரப்பு உண்டாயிற்று. 1974ஆம் ஆண்டில் நீதிபதி மைல்ஸ் லோர்ட் ஆலையை மூடும்படி கட்டளையிட்டார். மேன்முறையீட்டு மன்றம் அக்கட்டளையை நிறுத்தி வைத்தது. முடிவில் 1980ஆம் ஆண்டு தொடக்கம் கழிவு நிலத்தின் மேல் அமைத்த தேக்கத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. ஆலையினால் உண்டான ஊர் அது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பதையும் சொல்லவே வேண்டும். ஆனால் நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நடந்தவர்களிடம் இந்நியாயம் எடுபடாது. "இவ்வளவு தண்ணி கிடைச்சும் இப்படிச் செய்தவையோ?" என்று மனைவி மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் மருமகன், தாமே செய்தவர் போலத் தலை குனிந்தார்.

மனம் இலேசாவதற்கு ஒரு ஆறு உதவி செய்தது. அதன் பெயர் ரெம்பறன்ஸ் ஆறு, அதாவது மதுவிலக்கு ஆறு! ஆற்று வாயில் உள்ள மணற்றிட்டையும் மதுச்சாலையையும் ஆங்கிலத்தில் 'பார்' என்ற ஒரே சொல்லாற் குறிப்பர். மற்ற ஆறுகளின் வாயில் 'பார்' உண்டு, இதன் வாயிலில் இல்லை, ஆகவே இப்பெயர். சுற்றி வளைத்த பகிடிதான். ஆயினும் தேசப்படத்தில் ஏறிவிட்டது.

தொவ்ற்றே என்னும் சிற்றூரிலே மீன்பிடி நூதனசாலை ஒன்று உண்டு. நோர்வேயிலிருந்து குடியேறிய மீனவரின் தோணிகளையும் வலைகளையும் அங்கே கண்டோம். அவர்கள் நம்பியிருந்த ஏரி திரவுட் மீனுக்கு, விலாங்கைப் போன்ற லாம்பிரே என்னும் பிராணியால் நாசம் வந்தது. சமுத்திரத்துப் பிராணியான அது, மனிதர் வெட்டிய கால்வாய் வழியே மேலேரிகளுக்குட் புகுந்து, மீனின் உடலில் ஒட்டி இரத்தத்தை உறிஞ்சியது. 1950ஆம் ஆண்டுகளில் திரவுட் அற்றுப் போகும் நிலை. 1958ஆம் ஆண்டு முதல், லாம்பிரே குஞ்சு பொரிக்கும் ஆறுகளில் அதனைக் கொல்லும் மருந்தை இட்டு வந்ததனால் மீன் மீண்டும் பெருகிற்று. அன்றிரவு கிறான்ட் மரே துறையிலே புகையிட்ட மீனைப் பாணோடு உண்டோம். தேங்காய்ச் சம்பல் இல்லாத குறை ஒன்றே.

மேப்பிள் மலைக்கும் போகாமல் விடவில்லை. ஓபேர்க் என்னும் குன்றில் ஏறினோம். கிளைகள் வெறுமையாக இருந்தன. பாதை முழுவதும் சிவப்பு. மேலே பார்க்க வந்தவர்கள் கீழே பார்த்து நடந்தோம்.

மறுநாட் காலை எல்லையை அடுத்த கிறான்ட் போட்டேஜ். ஒஜிப்வே மக்களின் ஒதுக்கு நிலம் அது. அங்கே பாயும் பிஜின் ஆறு 120 அடி உயரத்திலிருந்து விழுவதனால் தோணி செல்லாது. அதனால் பண்டைக் காலத்தில் பேர்ச் பட்டையால் செய்த தோணிகளில் வந்த தோல் வணிகர், இறங்கி, மூட்டைகளை முதுகிலேற்றி எட்டரை மைல் மலைப்பாதையில் நடந்தனர். அப்பாதையையும் பழைய பண்டகசாலை இருந்த இடத்தையும் 1958ஆம் ஆண்டில் அம்மக்கள் நாட்டுக்கு வழங்கினர். இன்று அது தேசிய நினைவிடம். நீர்வீழ்ச்சியின் இரைச்சலிலே நின்று அக்கரையைப் பார்த்தோம். அக்கரை கனடா. அங்கும் இதே மஞ்சள்.

அன்று மத்தியானம் காற்று எழுந்தது. ஏரி சாம்பல் நிறமாகி, பாறைகளில் மோதி, றோட்டில் துளி தெறித்தது. நாம் திரும்பி வந்த வழியெல்லாம் இலைகள் பறந்து காரின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன; துடைப்பான் அவற்றைத் தள்ளித் தள்ளிக் களைத்தது. பொழுது சாயும் வேளையில் கூஸ்பெரி ஆற்றங்கரையில் மீண்டும் நின்றோம். முதல் நாள் பொன்னாய் நின்ற சரிவு ஒரே நாளில் முக்கால்வாசி உதிர்ந்துவிட்டது. வெள்ளை அடிமரங்கள் மட்டும் வரிசையாய் நின்றன.

மருமகன்தான் முதலிற் கண்டார். "மாமி, அங்கே பாருங்கோ!" என்றார். வெள்ளை மரங்களுக்கிடையே, இடுப்பளவு உயரத்தில், கம்பிக்கூட்டுக்குள்ளே ஒரு பச்சை. அதற்கப்பால் இன்னொன்று. கண் பழகப் பழக, சரிவின் மேலே வரையும் பத்துப் பதினைந்து கன்றுகளை எண்ணினோம். அவற்றிற் சில, குருத்தின் மேல் வெள்ளைக் கடதாசித் தொப்பி அணிந்திருந்தன. எமது மனைவி கையிலிருந்த போத்தலின் தண்ணீரை அண்மையில் நின்ற கன்றின் அடியில் ஊற்றிவிட்டு வந்து காரில் ஏறினார்.