கான் அடைபடாத கார்

கொழும்பின் வெள்ளவத்தையில் கடலோர ஒழுங்கைகளில் கார் நிறுத்துபவர்களுக்குத் துருவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இரவு துடைத்து வைத்த கண்ணாடியைக் காலையில் விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். அந்த உப்புத்தான் கதவின் அடி மடிப்பிலும் மட்கார்ட் இடுக்குகளிலும் இறங்கி, ஈரத்தோடு சேர்ந்து உள்ளிருந்தே வேலையைத் தொடங்குகிறது. வெளியே பெயின்ட் கொப்புளிக்கும் நாளில் உள்ளே தகடு பாதி போயிருக்கும்.

மொறிஸ் மைனர்ப் பித்துப் பிடித்த நண்பர் ஒருவரின் கார் அப்படித்தான் தீர்ந்துபோனது. எஞ்சின் இருக்கிறது, கியர்பெட்டி இருக்கிறது. அவற்றைச் சுமக்க உடல் இல்லை. மற்ற பல கார்களைப் போல மைனருக்குத் தனியான சட்டம் கிடையாது, உடலேதான் சட்டம். ஆகவே துருவேறாத உடலொன்று வேண்டும். மலைநாட்டில் கிடைக்கும் என்றார்கள். பழைய கார்த் தரகர்கள் 'மலைநாட்டு வண்டி' என்று சொல்லியே விலையை ஒரு படி ஏற்றிவிடுவார்கள். அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை என்று பார்க்கத்தான் அவருடன் நானும் ஹட்டனுக்கு ஏறினேன்.

ஊரை விட்டுத் தூரம் போய்க் கார் தேடுவது உலகெங்கும் உள்ள பழக்கம். பிரிட்டனில் குளிர்காலத்தில் வீதிப் பனியைக் கரைக்க உப்புத் தூவுகிறார்கள். அங்கே பிறந்த கார்களை அந்த உப்பே தின்றுவிடுவதால், பிரித்தானியப் பிரியர்கள் கலிபோர்னியா, அரிசோனா, தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியா என்று வறண்ட நிலங்களில் தங்கள் ஊர்க் கார்களைத் தேடுகிறார்கள். நமக்குப் பாலைவனம் இல்லை. நம்முடைய வறண்ட ஊர்களில் பல கடலை ஒட்டியே கிடக்கின்றன. மிஞ்சுவது மலை. ஆனால் மலையில் மழை கொட்டுகிறது, மூடுபனி நாள் கணக்கில் விலகாமல் நிற்கிறது. இங்கே எப்படி இரும்பு தப்பும்?

அதைப் பார்க்குமுன், கார்கள் இங்கே வந்த கதை: அது தேயிலையின் கதையோடு ஒட்டியது. பங்களாவுக்கும் ஸ்டோருக்கும் மலைக்கும் இடையே அலைய வெள்ளைக்காரத் துரைமாருக்கு வாகனம் வேண்டியிருந்தது. வேலைக்கு மட்டுமல்ல, விளையாட்டுக்கும்தான்: நுவரெலியாவின் மாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டி 1934இல் தொடங்கி இன்னும் ஏப்ரல் சீசனில் நடக்கிறது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. பத்து லட்சத்தைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் அதுதான். ஒஸ்டினும் மைனரும் மலைநாட்டுச் சந்திகளில் வழக்கமான காட்சியாயின.

அவை இன்றும் மிஞ்சியிருப்பதற்கு முதற்காரணம் பிரியமல்ல, தட்டுப்பாடு. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது, இறக்குமதி இறுகியது. 1970 முதல் 1977 வரை நிலைமை இன்னும் மோசம். புதுக் கார் கனவிலும் இல்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. கப்பலேறிய துரைமார் விட்டுப்போன கார்கள் டீமேக்கர் ஐயாவிடமும், தோட்டத்து டொக்டர் ஐயாவிடமும், பெரிய கிளாக்கரிடமும், ஹட்டன் ஹயர்க்காரர்களிடமும் கைமாறின. உடைந்ததைக் கழித்துவிட முடியாது, கட்டித்தான் ஆகவேண்டும். அந்த நெருக்கடியில் உருவானவர்கள்தான் மலைநாட்டு டிங்கர் பாஸ்மார், அதாவது தகடு திருத்தும் கைவினைஞர்கள்.

அவர்களில் ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்தோம். டிக்கோயாப் பக்கம் போகும் வழியில், தேயிலைச் சரிவை வெட்டி எடுத்த மேடையில் தகரக் கூரை போட்ட கராஜ். முன்னால் பொனட் திறந்த பஸ் ஒன்று, மூக்கறுந்த முச்சக்கரவண்டி இரண்டு. பின்னால், சாக்குப் போட்டு மூடிய நிலையில், நாங்கள் பார்க்க வந்த மைனர். பாஸுக்கு அறுபது தாண்டியிருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் எண்ணெய் ஊறிய கோட்டு. நண்பர் நேரே பெயின்டைத் தடவிப் பார்க்கத் தொடங்கியதும் பாஸ் சிரித்தார்.

"மேல பாத்தா பெயின்ட்தான் பேசும், சேர். கீழ குனிஞ்சு பாருங்க."

குனிந்தோம். அவர் கையில் இருந்தவை மூன்று பொருள்கள்தான்: பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், மழுங்கிய திருப்புளி, டோர்ச். காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டின் மேல் மெல்ல இழுத்தார். ஓரிடத்தில் பிடி தளர்ந்து காந்தம் வழுக்கியது. "இதுல பட்டி." திருப்புளியின் பிடியால் தட்டினார். நல்ல தகடு கணீரென்றது. பட்டி, அதாவது ஓட்டையை மறைக்கும் நிரப்புப் பசை, பூசிய இடம் மொத்தென்றது. அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவே மூன்றாவது ஒன்று உண்டு: சின்னச் சரசரப்பு. உள்ளே உதிர்ந்த துருச் செதில் பெட்டிக்குள் ஆடும் ஓசை அது. அதைக் கேட்க நாங்கள் காதை வைத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. அவருக்குக் கை மூலமாகவே தெரிந்தது.

பிறகு வரிசையாகக் காட்டினார். முன் ஆசனத்துக்கு அடியில் குறுக்கே ஓடும் சட்டமும் அதன் முனையில் ஜாக்கி வைக்கும் இடமும். முன் சக்கரம் சேற்றை வாரி அடிக்கும் இடத்தில், எஞ்சினைத் தாங்கும் இரு நீளக் கால்கள். பின் ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டும் பிடி. டிக்கியில் ஸ்பேர் சக்கரம் படுக்கும் தளம். மட்கார்ட் போனால் பயமில்லை, அது போல்ட் போட்டு மாட்டியதுதான், கழற்றி வேறு மாட்டலாம். மேலே சொன்னவை போனால் காரே இல்லை. இந்தக் காரில் குறுக்குச் சட்டமும் முன் கால்களும் அசல் தகடாகவே இருந்தன. நண்பரின் முகம் மலர்ந்தது. வலப்பக்கப் பின் ஸ்பிரிங் பிடிக்கு வந்ததும் திருப்புளி அரை அங்குலம் உள்ளே போயிற்று. மலர்ந்த முகம் வாடியது.

"மழை ஊர்ல இவ்வளவு மிஞ்சினதே எப்படி, பாஸ்?" என்று கேட்டேன்.

"எங்கப்பா தோட்டத்துல தண்ணி ஓடக் கான் வெட்டினவரு, சேர். மலையில கான் அடைச்சுக்கிச்சுன்னா ஒரே மழையில மண்ணு அத்தனையும் போயிரும். கான் ஓடுச்சுன்னா எவ்வளவு மழை பேஞ்சாலும் செடி நிக்கும். காருக்கும் அதே கதைதான்."

கதவைத் திறந்து அடி விளிம்பில் இருந்த சிறு துவாரங்களைக் காட்டினார். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் நீர் வெளியேற அமைத்த வழிகள் அவை. கீழ்ப் பெட்டியிலும் அப்படியே. பெயின்ட் அடிக்கிறவர் பட்டியால் அடைத்துவிடுவார். அல்லது சேறும் சருகும் சேர்ந்து மூடிவிடும். அதன்பின் ஒவ்வொரு மழையும் உள்ளேயே தங்கும். இந்தக் காரின் பழைய சொந்தக்காரரான தோட்டத்து டீமேக்கர் மாதம் ஒரு தடவை குடைக்கம்பியால் அந்தத் துவாரங்களைக் குத்திவிடுவாராம். ஒரே ஒரு குடைக்கம்பி. அறுபது வருஷத் தகடு நின்றிருக்கிறது.

இதற்குப் பின்னால் இருக்கும் இரசாயனமும் அதைத்தான் சொல்கிறது. துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் போதும். ஆனால் உப்பின் குளோரைட்டு சேர்ந்தால் அந்த நீரில் மின்னோட்டம் இலகுவாகிறது, இரும்பின் மேல் படியும் காப்புப் படலமும் உடைகிறது. மலை மழையில் அந்த உப்பு மிகக் குறைவு. குளிரும் வேதிவினையைத் தாமதப்படுத்துகிறது. நனைந்து காய்கிற தகடு மெதுவாகத்தான் தேயும். நனைந்தபடியே கிடக்கிற தகடு எந்த ஊரிலும் போய்விடும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால், இரண்டு தகடு சேரும் இடுக்கில் ஒருமுறை புகுந்துவிட்டால் அதுவே தகடுகளைப் பிளந்து அடுத்த நீருக்கு வழிவிடும்.

ஆகவே 'மலைநாட்டு வண்டி' என்ற பேச்சை அப்படியே நம்ப முடியாது. பாஸ் இதற்கு ஓர் உதாரணம் வைத்திருந்தார். கராஜின் மூலையில் மரச் சட்டமடித்த மைனர் டிரவலர் ஒன்றின் எலும்புக்கூடு கிடந்தது. கடலையே பார்க்காத வண்டி; ஆனால் பின்தளம் முழுக்கச் சல்லடை. "உரம் ஏத்தின வண்டி" என்றார். தேயிலைக்குப் போடும் உரத்தில் அமோனியம் சல்பேட் உண்டு, மியூரியேட் ஒஃப் பொட்டாஷ் உண்டு. பின்னது பொட்டாசியம் குளோரைட்டு, கடலுப்பின் உறவுக்காரன். சாக்கிலிருந்து சிந்தியது ஈரத்தில் கரைந்து தளத்தில் ஊறினால், வெள்ளவத்தைக் காற்று பத்து வருஷத்தில் செய்வதை அது சீக்கிரமே செய்து முடிக்கும். இந்த மலையில் பழைய வண்டி வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'இது என்ன சுமந்தது?' என்பதுதான்.

லேண்ட் ரோவர் வேறு வகையில் ஏமாற்றும். 1948இல் வந்த அந்த வண்டியின் உடல் அலுமினியக் கலப்புலோகம், துருவேறாது. வெளியே பார்த்தால் பளிச்சென்றிருக்கும். அடியில் ஓடும் எஃகுச் சட்டமோ பெட்டி வடிவம்; உள்ளே சேறு நுழைந்தால் கழுவ வழியில்லை. அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், ஈரம் பட்டால், அலுமினியமும் வெண்பொடியாக உதிரும்.

வேலை செய்யும் முறையைப் பார்க்க வேண்டுமென்று சொன்னதும் பாஸ் தன் உதவியாள் தம்பியைக் கூப்பிட்டார். பக்கத்தில் கிடந்த வேறொரு கதவின் அடிப்பகுதி. பெயின்டைச் சுரண்டி, துரு முடியும் இடத்தோடு நிறுத்தாமல் இரண்டு விரல் தள்ளி நல்ல தகட்டில் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டில் வெட்டு. அதே கனத்தில் புதுத் தகடு. மரக்கட்டையில் வைத்துச் சுத்தியலால் வளைத்து, ஒருபுறம் இரும்புக் குண்டைப் பிடித்து மறுபுறம் தட்டி வளைவைச் சரிசெய்தார் தம்பி. பழைய தகட்டின் மேல் புதியதை ஏற்றிவைத்து ஒட்டவில்லை. விளிம்போடு விளிம்பு சேர்த்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி வெல்டிங், ஆறவிட்டு அடுத்த புள்ளி. ஒரேயடியாக ஓட்டினால் சூட்டில் தகடு நெளியும். ஏற்றி ஒட்டினால் வேலை பாதி நேரத்தில் முடியும். ஆனால் இரண்டு தகட்டுக்கு நடுவே நீர் குடியிருக்க ஓர் இடத்தைக் கட்டிக் கொடுத்ததாகிவிடும். கடைசியில் துத்தநாகப் பூச்சு, உட்புறத்தில் மெழுகு. பழைய எஞ்சின் ஒயிலை அடியில் அடிப்பதும் இங்கே நெடுங்கால வழக்கம். அழுக்கான வேலைதான், ஆனாலும் பலன் உண்டு.

தம்பிக்கு இருபத்திரண்டு வயது. அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது; அதுவும் நீண்ட இழுபறிக்குப் பிறகு. லயத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் வளைகுடாவுக்கும் போகிற காலத்தில் இவர் ஏன் இங்கே நிற்கிறார் என்று கேட்டேன்.

"கடையில நின்னா வருஷம் பத்தானாலும் கடைப் பையன்தான், அண்ணே. இதுல கை பழகிட்டா நாளைக்கு நானும் பாஸ்" என்றார். பாஸ் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல் சுத்தியலின் பிடியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

கை பழகுவதற்கு இந்த நாட்டில் பெறுமதி இருக்கிறது என்பதற்குச் சான்றும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர், காரை எறியாமல் திருத்தித் திருத்திக் காலமெல்லாம் ஓட்டலாம் என்று 1982இல் புத்தகமே எழுதியவர். பிறகு மைனருக்கான உடற்தகடுகளை அவர் இலங்கையில்தான் செய்வித்தார். பிரிட்டன் உற்பத்தியை நிறுத்திவிட்ட காரின் தகட்டை இலங்கைக் கைகள் அடித்து அனுப்பின.

கடைசியில் விலைப் பேச்சு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய காரின் விலையும் மலையேறிவிட்டது; தனியார் வாகனங்களுக்கு 2025இல் மீண்டும் வழி திறந்த பிறகும் அது அவ்வளவாக இறங்கவில்லை. பாஸ் ஆவணங்களைப் பார்க்கச் சொன்னார். முன்கண்ணாடி நடுவில் பிரிந்திருந்தால் 1956 வரை வந்த மைனர்; அதற்குப் பழைய ஆங்கில எழுத்து இலக்கத்தகடு இருப்பது பொருந்தும். சிங்கள ஸ்ரீ எழுத்து அதற்குப் பின் வந்தது. 1958இல் தமிழர் எதிர்த்துப் போராடிய அதே எழுத்து. கண்ணாடி ஒரு காலத்தையும் தகடு இன்னொரு காலத்தையும் சொன்னால், இரண்டு காரை வெட்டி ஒன்றாக்கியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். பதிவுப் புத்தகத்திலுள்ள செசி இலக்கம் வண்டியிலும் இருக்க வேண்டும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் யோசனை உள்ளவர்களுக்கு இன்னொன்று: 1945க்கு முன் இலங்கையில் முதற்பதிவு பெற்ற பயணிகள் காரை உத்தரவுப்பத்திரம் இல்லாமல் ஏற்றுமதி செய்ய முடியாது.

நண்பர் காரை வாங்கினார். வாங்கியதும் கொழும்புக்குக் கொண்டுபோகவில்லை. பின் ஸ்பிரிங் பிடியையும் பட்டி பூசிய இடத்தையும் இதே கராஜில், இதே கையால் வெட்டிக் கட்ட வேண்டுமென்று முற்பணம் கொடுத்தார். எனக்கு அதுதான் சரியென்று பட்டது. மலைநாட்டுக் காற்று மட்டுமே யாருடைய காரையும் காப்பாற்றவில்லை. துவாரத்தைக் குத்திவிட்ட டீமேக்கரும், ஏற்றி ஒட்ட மறுக்கும் பாஸும்தான் காப்பாற்றினார்கள். கார் தேடி மலையேறுகிறவர்கள் தகட்டை மட்டும் விலைபேசி ஏற்றிக்கொண்டு போகிறார்கள். கூலியென்று வந்ததும் பேரம் பேசுகிறார்கள். இன்னும் இருபது வருஷத்தில் தம்பி பாஸாக இருப்பாரா, துபாயில் இருப்பாரா என்பது அந்தப் பேரத்தில்தான் இருக்கிறது.