பாரத்தைச் சுமப்பது காற்று

பேரணாம்பட்டில் பிக்கப் வண்டிகள் சும்மா நிற்பது குறைவு. உப்புத் தடவிய பச்சைத் தோலைத் தொழிற்கூடத்தில் இறக்கியதும், பதனிட்ட தோலை ஏற்றிக்கொண்டு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று கிளம்பிவிடும். தோல் சரக்கு இல்லாத நாளில் மாங்காயோ தேங்காயோ செங்கல்லோ ஏறும். இந்த வண்டிகளை ஓட வைக்கிறவர்களில் முக்கியமானவர்கள் சாலையோரத்து பஞ்சர் கடைக்காரர்களும் வல்கனைசிங் வேலைக்காரர்களும். அண்மைக் காலமாக அவர்களிடம் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது: வண்டியைத் தூக்கிக் கட்டி, பட்டன் போட்ட பெரிய டயர் மாட்டினால் என்ன? காட்டிலும் சேற்றிலும் பாயும் வண்டிகளைக் கைப்பேசியில் பார்த்த ஆசை பாதி. இங்கிருந்து பத்தலப்பல்லி மலைப்பாதை ஏறி வி.கோட்டா பக்கம் போகிற பிழைப்பு பாதி. இந்தக் கடைகளின் வேலையைப் பார்த்தும், டயரின் பக்கச் சுவரில் உள்ள எண்களைக் கணக்குப் போட்டும் நான் வந்த முடிவு இதுதான்: சரக்கு ஏற்றிப் பிழைக்கும் வண்டிக்கு டயரின் உயரத்தைப் பார்த்துத் தேர்வு செய்வது தவறான இடத்திலிருந்து தொடங்குவது. டயர் எவ்வளவு காற்றுத் தாங்கும், அந்தக் காற்றில் எவ்வளவு பாரம் சுமக்கும் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் உயரத்தையே எடுத்துக்கொள்வோம். 215/75 ஆர் 15 என்று எழுதிய டயரின் அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 75 விழுக்காடு. உள்ளே 15 அங்குல டிஸ்க். கூட்டினால் மொத்த விட்டம் ஏறத்தாழ 703 மி.மீ. இதைக் கழற்றிவிட்டு 235/75 ஆர் 15 மாட்டினால் விட்டம் 733. முப்பது மி.மீ. கூடியது போலத் தெரிந்தாலும், அச்சு தரையிலிருந்து உயர்வது அதில் பாதிதான், அதாவது பதினைந்து மி.மீ. மலைப்பாதையில் கல்லில் இடிபடுவது நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் பெட்டி. அதன் உயரத்தைக் கூட்ட டயரால் மட்டுமே முடியும். ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டுத் தூக்கினால் பாடி உயரும். டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். தூக்கிக் கட்டிய வண்டி என்று பெருமை பேசுகிறவர்களில் பலர் தூக்கியது தொட்டியை மட்டுமே.

இந்தப் பதினைந்து மி.மீட்டருக்குக் கொடுக்கும் விலையைப் பார்க்க வேண்டும். சக்கரம் நூற்றுக்கு நான்கு பங்கு பெரிதானால், அதே கியரில் தரையில் கிடைக்கும் இழுவை நூற்றுக்கு நான்கு குறையும். பிரேக் பிடிக்கும் வலுவும் அதே அளவு குறையும். மீட்டர் அறுபது காட்டும்போது வண்டி உண்மையில் அறுபத்திரண்டரைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். நான்கு பங்கு ஒரு பெரிய விஷயமா என்று கேட்பார்கள். சமதளத்தில் காலி வண்டிக்கு இது ஒன்றுமில்லை. முழுப் பாரத்தோடு கொண்டை ஊசி வளைவில், முதல் கியரில் மூச்சு வாங்கி ஏறுகிற வண்டிக்கு அந்த நான்கு பங்கை கிளட்ச் தகடு தேய்ந்து ஈடுகட்டும். தூக்கிக் கட்டிய வண்டியில் பாரத்தின் மையமும் மேலே போயிருப்பதால், வளைவில் சாயும் பயம் அதோடு சேரும்.

எனக்கு இதைவிடக் கனமாகப் படுவது காற்றுக் கணக்கு. டயரில் அளவை அடுத்து 100, 105, 112 என்று ஓர் எண் இருக்கும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைப் பார்ப்பதே இல்லை. 100 என்றால் அந்த ஒரு டயர் 800 கிலோ வரை தாங்கும். 105 என்றால் 925. 112 என்றால் 1120. குறித்த அளவுக் காற்று இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். பாரத்தைத் தாங்குவது ரப்பரைவிட உள்ளே அடைபட்ட காற்றுதான். ரப்பரும் இழைகளும் அந்தக் காற்றைப் பிடித்துவைக்கும் பை. பார்வைக்குப் பிரமாண்டமாக இருக்கும் டயர் சொகுசு ஜீப்புக்காகச் செய்ததாக இருந்தால், சரக்கு வண்டிக்கான சின்ன டயரைவிடக் குறைந்த காற்றையும் குறைந்த பாரத்தையும்தான் அது தாங்கும். வேலூர் வட்டாரத்து அக்னி நட்சத்திர வெயிலில், காற்றுக் குறைந்த டயர் பாரத்தோடு ஓடினால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். கடைசியில் மேல் ரப்பர் பட்டை பட்டையாக உரிந்து வரும்.

வெளிநாட்டில் முப்பத்தெட்டு, நாற்பத்து நான்கு அங்குல டயர்களோடு பிக்கப்புகள் ஓடவில்லையா என்பது நியாயமான மறுப்பு. ஐஸ்லாந்தின் ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம் அப்படித்தான் செய்கிறது. ஆனால் அங்கே பெரிய டயர் மாட்டுவதன் நோக்கம், காற்றை ஐந்து பவுண்டுக்கும் கீழே இறக்கி, டயரைத் தட்டையாக்கிப் பனிமேல் புதையாமல் போவது. அதற்கேற்ப டிஃபரன்ஷியல் பல்சக்கரத்தை மாற்றுகிறார்கள், மட்கார்டை வெட்டி அகலப்படுத்துகிறார்கள். பெரிய டயரின் பலன் காற்றை இறக்கும்போதுதான் முழுதாகக் கிடைக்கிறது. முதுகில் டன் கணக்கில் தோல் ஏற்றியவன் காற்றை இறக்க முடியாது. ஆகவே அந்தப் பலனில் பெரும்பகுதி அவனுக்குக் கிடைக்க வழியில்லை. செலவு மட்டும் முழுதாக வந்து சேரும்.

இதை எண்களாகச் சொல்லாவிட்டாலும் கடைக்காரர்கள் கண்ணால் படித்து வைத்திருக்கிறார்கள். நடுவில் மட்டும் தேய்ந்த டயர் என்றால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு, அல்லது பாரம் அதிகம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். திட்டுத் திட்டாகத் தேய்ந்தால் ஷாக் போயிருக்கிறது. தோல் ஊருக்கே உரிய இன்னொரு பாடமும் உண்டு. பச்சைத் தோலிலிருந்து வடியும் உப்புநீர் டிஸ்க்கின் விளிம்பில் இறங்கித் துருவேற்றும். டயர் உட்காரும் இடம் மேடுபள்ளமாகி, ஆணி ஏதும் குத்தாமலே காற்று மெல்ல இறங்கும். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, வண்ணம் பூசி, மறுபடி டயரை ஏற்றும் வேலை குனிந்தபடியே செய்யவேண்டிய வேலை. லாக் ரிங் வைத்த டிஸ்க் என்றால், காற்றடிக்கும்போது ரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. அப்படித் துருப்பிடித்த குறுகலான டிஸ்க்கில்தான் அகல டயரைத் திணிக்கச் சொல்கிறார்கள். 235 டயருக்கு ஆறு அங்குல அகல டிஸ்க்காவது வேண்டும். 215க்கு ஐந்தரை போதும். பஞ்சர் ஒட்டினால் காசு கிடைக்கிறது. தேய்மானத்தைப் படித்துச் சொல்லும் அறிவுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. இந்தத் தொழிலின் பெரிய அநியாயம் இது என்றே நினைக்கிறேன்.

பெரிய டயர் விற்றால் கடைக்காரருக்கும் லாபம்தானே, அவர் ஏன் தடுக்க வேண்டும் என்றும் கேட்கலாம். தடுக்காத கடைகளும் உண்டு. ஆனால் சிறு ஊர்க் கடை திரும்பத் திரும்ப வரும் வண்டிகளை நம்பி நடப்பது. ஊரில் புழங்காத அளவை மாட்டிவிட்டால், வழியில் வெடித்தபோது மாற்று கிடைக்காது. ரீட்ரெடிங்குக்கு ஏற்ற பழைய டயரும் எளிதில் அகப்படாது. ஸ்டெப்னி மட்டும் பழைய அளவில் இருந்தால் பின் அச்சில் இரண்டு சக்கரமும் வேறு வேறு உயரம், டிஃபரன்ஷியலுக்குத் தண்டனை. கோபத்தோடு வண்டிக்காரர் திரும்பி வருவது அதே கடைக்குத்தான்.

சட்டமும் பெரிய டயர் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே மாடலுக்கு நிறுவனமே இன்னோர் அளவையும் கொடுத்திருந்தால் அது வேறு கணக்கு. மலைப்பாதைக்காரர் அதே அளவில், ஆழமான பட்டன் உள்ள, பிளை கூடிய, பாரக் குறியீடு குறையாத டயரைக் கேட்டு வாங்கலாம். பக்கச் சுவரில் நான்கு இலக்கத்தில் இருக்கும் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் பார்க்கலாம். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரம். பிறகு பாரம் ஏற்றும் முன்பு, டயர் குளிர்ந்திருக்கும்போது, காற்றைப் பிடித்துப் பார்க்கச் சொல்லலாம்.