அளவறிந்து அமர்தல்

நீர்மேற் செல்லும் கலங்களுள் மேலேறி நிற்றற்குரியன சில, உள்ளே அமர்தற்குரியன சில, உடுத்துக்கொள்ளுதற்குரியதும் ஒன்றுண்டு. கட்டுமரத்தின்மேல் நம் மீனவர் நின்றும் முழந்தாளிட்டும் தொழில் செய்வர். ஒகேனக்கல்லிற் பரிசல் ஏறுவோர் அதனுள் வட்டமாய் அமர்வர். கயாக் என்னும் தோணியோ சட்டையைப் போல உடலோடு பொருந்த வேண்டுவது. கிரீன்லாந்து முதலிய வடகோடிக் குளிர்நாட்டு மக்கள் கடல்வேட்டையின் பொருட்டு இதனை ஆக்கினர். மரச்சட்டத்தின்மேற் சீல் என்னும் கடல்விலங்கின் தோலைப் போர்த்து, நடுவே ஒருவர் புகுதற்கு மட்டும் வாய்விட்டுத் தைத்தனர். மேனாட்டார் 'காக்பிட்' என வழங்கும் அவ்விடத்தை ஈண்டு அமர்குழி என்போம்.

போடிநாயக்கனூரில், ஏலமலையின் அடிவாரத்தே, எம் இல்லத்துக் கொல்லையில் யாமும் தமையனாரும் சேர்ந்து இத்தகைய தோணியொன்று கட்டினோம். மரைன் பிளைவுட்டை வாள்கொண்டறுத்து, செப்புக்கம்பியால் தைத்து, இணைப்புகளில் எப்பாக்ஸிப் பசையுடன் கண்ணாடியிழைத் துணியை ஒட்டுதல் முறை. இரண்டு கோடை விடுமுறைகள் அதற்குச் சென்றன. மலைமழையால் நிறைந்த கண்மாயில் அதனை இறக்கியபோது ஊர்ச்சிறுவர் திரண்டு ஆரவாரித்தனர். தோணி நேரே சென்றது. துளி நீரும் கசியவில்லை. ஆயின், அரைமணி நேரம் கழித்துக் கரையடைந்தபோது எம் இடக்கால் மரத்துக் கிடந்தது. இருவர் தோள்கொடுத்தே எம்மை எழுப்பினர். நடுக்கண்மாயில் தோணி கவிழ்ந்திருப்பின் அக்கால் எமக்கு உதவியிராது என்னும் எண்ணம் அன்றிரவு உறங்கவொட்டாமற் செய்தது.

காரணத்தை ஆராய்ந்தோம். நம்மவர் அமரும் முறை வேறு. சம்மணமிட்டு உண்கின்றோம், குந்தியிருந்து வேலை செய்கின்றோம். விடியுமுன் ஜீப்புகளில் ஏறிப் போடிமெட்டு வழியாகத் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்டிரைக் காண்மின். ஏலச்செடியின் காய்ச்சரம் அடித்தூரினின்று தரையோடு படர்வதாதலின், சரிவிற் குந்தியவாறே பகல் முழுதும் காய் பறிப்பர். காலை நீட்டி அமர்தலோ, பெரியோர்முன் தகாதென்று இளமையிலேயே கடிந்து விலக்கப்பட்டது. கயாக் அதனையே விதிக்கின்றது! பழகாத தொடையின் பின்தசை இழுக்க, இடுப்பு பின்னோக்கிச் சாய, முதுகு கூனுகின்றது. உடற்பாரம் முழுதும் இருக்கும்போது தரையிற் படும் இரண்டு என்புகளின்மேல் இறங்குகின்றது. இருக்கையின் முன்விளிம்பு தொடையை அறுக்கின்றது. இடுப்பினின்று காலுக்குச் செல்லும் நரம்பு நெருக்குண்டு கால் மரத்துப்போகின்றது.

எம்மூர் இலவம்பஞ்சிற்குப் பேர்பெற்றதாதலின், நல்ல மெத்தையொன்று தைத்து இடுக என்றனர் அயலார். இலவம்பஞ்சு நீரிற் மிதக்கும் இயல்பினது; எளிதில் நனையாதது; முன்னாளில் உயிர்காப்புச் சட்டைகளுள் அதனை அடைத்ததும் அதுபற்றியே. ஆயினும், மார்பிற்கு ஏற்றது இருக்கைக்கு ஏலாது. மூன்று விரற்கடை உயரமுள்ள மெத்தை உடலின் பாரமையத்தை மேலே தூக்கி, ஒடுங்கிய தோணியைத் தள்ளாடச் செய்யும். அமர்வு எத்துணைத் தாழ்ந்ததோ அத்துணை உறுதியுடையது கயாக்.

எம் ஐயத்தைத் தீர்த்தவர் மலைச்சரிவினின்று புற்கட்டுச் சுமந்து வரும் மூதாட்டியார் ஒருவர். சும்மாட்டைத் தலையினின்றெடுத்து உதறிக்கொண்டே அவர் கூறியது: "சும்மாடு மெத்துன்னு இருக்கிறதுக்கு இல்ல தம்பி, பாரம் ஒரே இடத்துல குத்தாம இருக்கத்தான். அவுகவுக தலைக்கு அவுகவுகதான் சுத்திக்கிடணும்."

இச்சொற்களையே விதியாகக் கொண்டு அமர்குழியைத் திருத்தினோம். உடல் தோணியைத் தொடவேண்டிய இடங்கள் ஐந்து. முதலாவது இருக்கை. நீர் ஊறாத நுரைத்தாளை உடலின் வடிவிற்குக் குடைந்து, முன்புறத்தைச் சற்றே உயர்த்தித் தொடையைத் தாங்கச் செய்தோம். கூரிய விளிம்பு எங்கும் இல்லாதவாறு தேய்த்தோம். இரண்டாவது முதுகுப்பட்டை. அது இடுப்பின் அளவில் தாழ நின்று, அமர்குழியின் விளிம்பிற்கு மேலெழாதிருத்தல் நன்று. எழுமாயின் பின்சாயத் தடையாகும். மூன்றாவது இடுப்பின் இருமருங்கு. உள்ளங்கையை நெருக்கி நுழைக்குமளவு இடைவெளி விட்டு அணைகள் ஒட்டினோம். நான்காவது தொடை, மேற்றளத்தின் அடியில் அது படுமிடத்தே மெல்லிய அணை. ஐந்தாவது மிதி. முன்னும் பின்னும் நகர்த்தத்தக்க மிதிகட்டையில் முன்பாதம் ஊன்ற, முழந்தாள் சிறிது மடங்கி வெளிநோக்கி நிற்கும். அரை விரற்கடை செதுக்குவதும், கண்மாய்க்குச் செல்வதும், மீண்டும் செதுக்குவதுமாகப் பல நாட்கள் கழிந்தன.

பண்டைக் கிரீன்லாந்தினர் நீளத்திற்குத் தம் கைவிரிப்பு மூன்றும், அகலத்திற்குத் தம் இடுப்போடு இரண்டு கைப்பிடியும் கொண்டனர் என்பர். மார், முழம், சாண், விரற்கடை என உடலையே அளவுகோலாக்கிய தமிழர்க்கு இது புதிதன்று. பிறர் உடலுக்கு வரைந்த படத்தினின்று தோணியைக் கட்டலாம். அமர்குழியை மட்டும் தன்னுடலைக்கொண்டே அளத்தல் வேண்டும். எம்மினும் பருத்தவரான தமையனார் அமருங்கால் இடுப்பணைகளைக் கழற்றி வைக்கின்றோம்.

நிற்க. இறுகப் பொருந்துதல் பாதி. நொடியில் விடுபடுதல் மறுபாதி. இருமருங்கும் துணைவர் நிற்க, மார்பளவு நீரில், உயிர்காப்புச் சட்டையணிந்து தோணியை வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகினோம். முன்குனிந்து, விளிம்பை இருகைகளாலும் பற்றித் தள்ளி, கால்களை உருவி வெளிவருதல் முறை. அணையொன்றேனும் காலைத் தடுப்பின், அஃது எத்துணைச் சுகந்தரினும் நீக்கத்தக்கதே. தொடையணையின் ஒரு மூலையை இதன்பொருட்டே அறுத்தெறிந்தோம்.

ஆஸ்கர் ஸ்பெக் என்னும் ஜெர்மானியர் 1932இல் ஊல்ம் நகரத்தருகே டான்யூப் ஆற்றில் மடக்குக் கயாக் ஒன்றில் அமர்ந்து, இந்தியக் கரையையும் இலங்கையையும் கடந்து, 1939இல் ஆஸ்திரேலியாவின் எல்லைத் தீவை அடைந்தார். ஏழாண்டுச் செலவு அது. அவர் தோளின் வலிமையைப் புகழ்வோர் பலர். காலை மரக்கச் செய்யும் இருக்கையில் அத்தோள் எத்துணைத் தொலைவு சென்றிருக்கும்!

தோணி கட்ட விழையும் மாணவ நண்பர்க்கு யாம் கூறுவது இவ்வளவே: பலகை வாங்கச் செல்லுமுன், தரையிற் காலை நீட்டி ஒரு நாழிகை அமர்ந்து பாருங்கள். எவ்விடம் வலிக்கின்றதோ அவ்விடத்தை முதலிற் குறித்துக்கொள்ளுங்கள்.