பொம்மைக்குப் பின்கொசுவம்

பொம்மைக்குச் சேலை கட்டுவது எளிது என்று நினைப்பவர்கள் எங்கள் தையல் வகுப்புக்கு ஒருமுறை வரட்டும்! 1959 இல் அமெரிக்காவில் அறிமுகமாகி, இன்று பலர் சேகரித்து வைக்கும் பார்பி பொம்மையின் உயரம் பதினொன்றரை அங்குலம். ஆள் அளவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஐந்தரை மீட்டர் சேலையும் அக்கணக்கில் 92 சென்டிமீட்டர் ஆகிவிடும். நீளமும் அகலமும் கணக்குக்குப் பணிந்தன. துணியின் கனம் பணியவில்லையே! பட்டில் வைத்த கொசுவம் விறைத்து நின்றது. உள்பாவாடையோ பொம்மையின் இடையைப் பூசணிக்காய் ஆக்கியது. ஆகவே, துவைத்துத் துவைத்து நைந்த பழைய கண்டாங்கிச் சேலை ஒன்றை வெட்டினோம்.

காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கிக்குப் பின்கொசுவம்தானே அழகு? ஆனால் அந்தக் கட்டு எங்களுக்கும் தெரியாது, எங்கள் அம்மாக்களுக்கும் தெரியாது. தோழி ஒருத்தியின் அப்பத்தா மட்டும் எண்பது வயதைக் கடந்தும் அப்படித்தான் கட்டுகிறார்.

"என்னத்தா, பொம்மைக்கா?" என்று சிரித்தார். விரல்கள் நடுங்கியதால் எங்கள் விரல்களைப் பிடித்தே மடிப்பு வைக்கச் செய்தார். மடிப்புகளை முதுகுப் பக்கம் நிறுத்தி, மிச்சச் சேலையை இடுப்பைச் சுற்றி இறுக்கினால் அவை நிற்கும்; உள்பாவாடையே வேண்டாம். ஊசி நூலை எடுத்தவளுக்கு நல்ல திட்டு! எங்கள் அவசரத்துக்காக மூன்று முறை அவிழ்த்துக் கட்டினார். நான்காம் முறை நாங்களே கட்டினோம்.

கண்காட்சியில் மற்றப் பொம்மைகள் எல்லாம் உங்களைப் பார்த்து நின்றன. இது மட்டும் முதுகைக் காட்டி நின்றது. அப்பத்தா அப்படித்தான் வைக்கச் சொன்னார்.