ஓர் எண்ணின் பூர்விகம்

இந்தியச் சுங்கத் தீர்வை அட்டவணையில் 52-ஆம் அத்தியாயம் பருத்திக்கு உரியது. அதற்குள் 5208 என்றொரு தலைப்பு. தறியில் நெய்த துணி, எடையில் 85 சதவீதமோ அதற்கு மேலோ பருத்தி, சதுர மீட்டருக்கு 200 கிராமுக்கு மிகாத எடை என்பவை அதன் நிபந்தனைகள். 200 கிராமைத் தாண்டினால் அதே துணி 5209-க்குப் போய்விடும். பருத்தி 85-க்குக் கீழே இறங்கி, உடன் கலந்தது பெரும்பாலும் செயற்கை இழையாக இருந்தால் 5210 அல்லது 5211. 5208-க்குள்ளேயே மறுபடி ஐந்து படிகள் உண்டு: காடாத் துணி, வெளுத்த துணி, சாயம் தோய்த்த துணி, வெவ்வேறு நிற நூல்களால் நெய்த துணி, அச்சிட்ட துணி. ஆறு இலக்கம் வரை இந்த எண்கள் உலகம் முழுவதற்கும் பொது. அதன் பிறகு இந்தியா தனக்கென்று சேர்த்துக்கொண்ட இரண்டு இலக்கங்களில்தான் வேட்டியும் சேலையும் லுங்கியும் வருகின்றன; துவைக்கத் துவைக்கச் சாயம் கசிந்து கட்டங்கள் ஒன்றோடொன்று கலங்கும் 'பிளீடிங் மெட்ராஸ்' துணியும் வருகிறது. பட்ஜெட் நாளில் நாம் வரி விகிதத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். ஆனால் எந்தத் துணிக்கு எந்த விகிதம் என்று தீர்மானிப்பவை இந்தக் கோடுகள். இவற்றை யார், எப்போது, யாருக்காகக் கிழித்தார்கள் என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேடல் என்னை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்திருக்கிறது: துணியின் இயல்பை விவரிப்பதுபோலத் தோன்றும் இந்தக் கோடுகள், ஒருவருக்கு எதிராக இன்னொருவரைக் காக்க எடுத்த முடிவுகளின் வழிவந்தவை. அவற்றை அப்படியே அறிந்து விவாதிக்க வேண்டும்.

முதல் விடை எளிதில் கிடைத்துவிடும்: பிரஸ்ஸல்ஸ். 1983-இல் அங்கே ஒப்பந்தமாகி, 1988 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த 'ஹார்மனைஸ்டு சிஸ்டம்' என்ற ஒத்திசைவு முறையின் எண்கள் இவை. உலகச் சுங்க அமைப்பு அதைப் பராமரிக்கிறது. துணியை அறிந்த வல்லுநர்கள் துணியைப் பார்த்து வகுத்தவை என்று நம்பி அங்கேயே நின்றுவிடலாம். அதற்கு முந்தைய அட்டவணை என்னை நிற்க விடவில்லை. 1950-இல் அதே பிரஸ்ஸல்ஸில் ஒப்புக்கொள்ளப்பட்டு 1959-இல் நடப்புக்கு வந்த பெயரீட்டு முறையில், டெரி துவாலைத் துணி போன்ற சில தனி வகைகள் நீங்கலாக, நெய்த பருத்தித் துணி அனைத்துக்கும் 55.09 என்ற ஒரே தலைப்புதான் இருந்தது. அதை வகுத்தவர்களும் வல்லுநர்களே. அவர்கள் கண்ணுக்குத் தனித் தலைப்பு வேண்டாத துணிகளுக்கு, முப்பது ஆண்டுகளுக்குள் ஐந்து தலைப்புகள் தேவைப்பட்டன. இடையில் பருத்தியின் இயல்பு மாறிவிடவில்லை. செயற்கை இழை பெருகியது; துணிக்கு ஒதுக்கீட்டு வரம்பு வைத்து நாடுகள் மோதிக்கொண்டன. ஆகவே துணியை விட்டுவிட்டு அந்த மோதல்களின் தடத்தைப் பிடித்துக்கொண்டேன்.

காடாவில் தொடங்கி அச்சில் முடியும் ஐந்து படிகளை எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், 1934-இல் பிரிட்டிஷ் இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட ஒப்பந்தம் எதிர்ப்படுகிறது. ஜப்பான் ஆண்டுக்கு 15 லட்சம் பேல் இந்தியப் பருத்தி வாங்கினால் 40 கோடி கெஜம் வரை துணியை இங்கே இறக்கலாம். அந்த ஒதுக்கீடு வெறும் காடா, கரை போட்ட காடா, வெளுத்தது, வண்ணத் துணி என்று நான்காகப் பிரிக்கப்பட்டது. கரை போட்ட காடா முதன்மையாக வேட்டிக்கு ஆனது. எந்தச் சந்தையில் ஜப்பானிய ஆலைகளை எவ்வளவு நுழைய விடுவது என்பதற்கு வேட்டிக் கரையே எல்லைக்கோடாயிற்று. இன்னும் பின்னால் போனால் லண்டன். 1700-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றி, 1701 செப்டம்பர் இறுதியில் நடப்புக்கு வந்த சட்டம், இந்தியாவிலும் பாரசீகத்திலும் சீனாவிலும் வண்ணம் தீட்டிய, சாயமிட்ட, அச்சிட்ட பருத்தித் துணியை உள்நாட்டில் பயன்படுத்தத் தடை விதித்தது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சீட்டித் துணிக்கு விழுந்த அடி அது. வெள்ளைத் துணிக்குத் தடை இல்லை. வரி கட்டிவிட்டு இறக்கலாம். இந்த ஏணியின் கருத்து இங்கே தெளிவாகிறது. நூற்பதும் நெய்வதும் கடலுக்கு அப்பால் நடக்கட்டும். மதிப்பைக் கூட்டும் கடைசி வேலை நம் நாட்டில் நடக்கட்டும். சட்டத்தைக் கேட்டு வாங்கியவர்கள் கம்பளி நெசவாளர்களும் பட்டு நெசவாளர்களும். அதனால் செழித்ததோ இந்திய வெள்ளைத் துணியை வாங்கி அச்சிட்ட இங்கிலாந்தின் பட்டறைகள். கோடு கிழித்தவர் நினைத்த இடத்தில் பயன் போய்ச் சேர்வதில்லை என்பதற்கு இதைவிடப் பழைய சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

இழையின் பங்கைப் பார்க்கும் கோட்டுக்கும் இதே ஊர்தான். முதல் தடை போதாமல் 1721-இல், எங்கே அச்சிட்டதாக இருந்தாலும் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தக் கூடாது என்று இன்னொரு சட்டம் வந்தது. மஸ்லினுக்கும், முழுக்க நீலச் சாயமிட்ட துணிக்கும், ஃபஸ்டியனுக்கும் விலக்கு. ஃபஸ்டியன் என்பது லினன் பாவில் பருத்தி ஊடை ஓட்டிய கலப்புத் துணி. அந்த விலக்கின் நிழலில் லங்காஷயர் வளர்ந்தது. 1736-இல் வந்த 'மான்செஸ்டர் சட்டம்' அந்தக் கலப்புத் துணியை அச்சிடுவது செல்லும் என்று உறுதிசெய்தது. முழுப் பருத்திக்கு 1774 வரை அனுமதி இல்லை. அனுமதித்தபோதும் ஒரு நிபந்தனை: பிரிட்டனில் நெய்த முழுப் பருத்தித் துணியின் இரு ஓரங்களிலும் பாவில் மூன்று நீல நூல்கள் ஓட வேண்டும். தங்கள் துணியையும் இந்தியத் துணியையும் பார்வையால் பிரித்தறிய முடியாது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது. துணியில் இல்லாத வேறுபாட்டை நூலாகத் தறியில் ஏற்றச் சொன்னார்கள். இதே நாடகம் இருபதாம் நூற்றாண்டில் திரும்ப நடந்தது. 1961-62-இல் வந்த பருத்தித் துணி ஏற்பாடுகள், எடையில் பாதிக்கு மேல் பருத்தி உள்ள சரக்குக்கு வரம்பு கட்ட வழிசெய்தன. ஆசிய உற்பத்தியாளர்கள் செயற்கை இழைக்கு நகர்ந்தார்கள். 1974-இன் பல்லிழை ஒப்பந்தம் செயற்கை இழையையும் கம்பளியையும் வளைத்தது. பின்னர் ராமி என்ற நார் பருத்தியோடு கலந்து ஸ்வெட்டர்களில் ஏறியது. உடுத்துபவர் யாரும் கேட்டு வந்ததன்று அது. 1986-இல் ராமிக்கும் வரம்பு வந்தது. கோடு துணியைப் பின்தொடர்ந்தது என்பதைவிட, துணி கோட்டைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொண்டது என்பதே உண்மை. ஒத்திசைவு முறை வரையப்பட்ட காலமும் இந்த ஒதுக்கீட்டுக் காலமும் ஒன்றே என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை.

மென்மைக்கும் கனத்துக்கும் இடையிலான கோடு நம் ஊர் வரலாற்றில் ஆழப் பதிந்தது. 1879-இல் வைஸ்ராய் லிட்டன் தம் சபையின் பெரும்பான்மையை மீறி, 30-ஆம் நம்பருக்கு மேற்பட்ட மெல்லிய நூல் கலக்காத முரட்டுத் துணிகளுக்கு இறக்குமதி வரியை நீக்கினார். பம்பாய் ஆலைகள் மான்செஸ்டரோடு மோதிய இடம் அந்த முரட்டுத் துணிதான். விலக்கு கிடைத்த வகைகளை நோக்கி லங்காஷயர் சரக்கு சாய்ந்தது. எஞ்சிய வரிக்கும் பொருளில்லாமல் போய், 1882-இல் பருத்தித் துணி வரி முழுதும் ஒழிந்தது. 1894-இல் வரவுப் பற்றாக்குறையால் 5 சதவீத வரி திரும்பியபோது, இந்திய ஆலைகளின் 20-ஆம் நம்பருக்கு மேற்பட்ட நூலுக்கு அதே அளவு கலால் வரியும் சேர்ந்து வந்தது. 1896-இல் இரண்டும் துணியின் மேல் 3.5 சதவீதமாக மாறின. கைத்தறிக்கு அந்தக் கலால் இல்லை. ஆலைத் துணியின் மேலான கலாலை ஒழிக்க 1926 வரை போராட வேண்டியிருந்தது. 20, 30 என்ற நூல் எண்கள் அந்தக் காலத்துச் செய்தித்தாள்களில் அரசியல் சொற்களாகவே இருந்தன. இந்த அளவுகோல் செத்துவிடவும் இல்லை. அமெரிக்காவின் இன்றைய அட்டவணையில் 5208-இன் சில வரிகள் சராசரி நூல் எண் 42 வரை, 43 முதல் 68 வரை, 69-உம் அதற்கு மேலும் என்று பிரிந்து, நூல் மெலிய மெலிய வரியை ஏற்றுகின்றன.

கடைசியாக ஒரு கோடு, துணிக்கு அரசு கற்பிக்கும் விலை. 1816-இல் அமெரிக்கா பருத்தித் துணிக்கு 25 சதவீத வரி விதித்தது. கூடவே, சதுர கெஜம் 25 சென்டுக்குக் குறைந்த எந்தத் துணியையும் 25 சென்டு என்றே கொள்ள வேண்டும் என்றது. ஆக வரி 6.25 சென்டுக்குக் கீழே இறங்காது. 10 சென்டு துணிக்கு அது 62.5 சதவீதம். மாசசூசெட்ஸ் ஆலை முதலாளி பிரான்சிஸ் கேபட் லோவெல் வாதாடிப் பெற்ற இந்த ஏற்பாட்டின் குறி, மலிவான இந்திய முரட்டுத் துணி. 1930-இல் பிரிட்டிஷ் இந்தியா அதே கருவியைக் கையில் எடுத்தது: பிரிட்டிஷ் துணிக்கு 15, மற்றதற்கு 20 சதவீதம், ஆனால் வெறும் காடாவுக்கு ராத்தலுக்கு மூன்றரை அணாவுக்குக் குறையாமல். 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் ஒன்பது பின்னல் துணி வரிகளுக்கு '20 சதவீதம் அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது' என்று அறிவித்தபோது, எனக்கு 1816-இன் குரல் கேட்டது. கிலோ 575 ரூபாய்க்கு மேற்பட்ட துணிக்கு இது வெறும் 20 சதவீதம். 300 ரூபாய்த் துணிக்கு 38 சதவீதம். 200 ரூபாய்த் துணிக்கு 57.5 சதவீதம். மலிவு கூடக் கூட வரியும் கூடுகிறது.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் மூன்று வலுவானவை. ஒன்று, ஒற்றுமை என்பது வம்சாவளி ஆகாது. 1701-இன் சட்டத்தைப் பார்த்தா 1983-இல் எழுதினார்கள் என்று கேட்கலாம். எண்களுக்கு நேரான பரம்பரையை நான் கோரவில்லை. 200 கிராமும் 85 சதவீதமும் பிற்கால அளவுகள். மரபாக வந்தது கேள்வி: எந்தக் கட்டத்தில், எந்த இழையில், எந்தக் கனத்தில் அயலார் சரக்கு நம்மைத் தொடுகிறது? இரண்டாவது மறுப்பு இன்னும் நேரானது. எடை, நூல் எண், இழைப் பங்கு எல்லாம் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டக்கூடிய உண்மைகள்; அதில் அரசியல் எங்கே? அளவு உண்மைதான். ஆனால் ஒரு துணியில் அளக்கக்கூடியவை எத்தனையோ: அகலம், பாவு நெருக்கம், நீரை உறிஞ்சும் திறன், சாயத்தின் நிலைப்பு, தறியின் வகை. இவற்றில் எதை அளப்பது, எந்த இடத்தில் வெட்டுவது என்பதை நிறுவைத் தராசு சொல்லாது. மனிதர்கள்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது மறுப்பு, கோடுகளே வேண்டாம் என்பது. எல்லாத் துணிக்கும் ஒரே விகிதம் வைத்துவிட்டால் வகைப்பாட்டுச் சண்டை ஓயுமே என்று பொருளியலாளர் சிலர் சொல்வார்கள். இதில் நியாயம் இருக்கிறது. ராமி ஸ்வெட்டரைப் போன்ற விபரீதங்கள் குறையும். ஆயினும் விகிதம் ஒன்றானால் சண்டை விலைக்கு இடம்பெயரும். பில்லில் விலையைக் குறைத்துக் காட்டுவதற்கு எதிரான கருவிதானே கிலோ கணக்கு வரி! ஒரே விகிதம் எல்லோரையும் சமமாக நடத்தும் என்பதும் தோற்றமே. விசைத்தறி ஆலையின் சட்டைத் துணியையும் கைத்தறிக் கட்டத் துணியையும் ஒரே தட்டில் வைப்பதும் ஒரு முடிவு. அது வலுத்தவர் பக்கம் நிற்கும் முடிவு. அமெரிக்க அட்டவணை சான்றிதழ் பெற்ற கைத்தறித் துணிக்கு 5208-இன் சில வரிகளில் குறைந்த விகிதம் தருகிறது. பல்லிழை ஒப்பந்தமும் குடிசைத் தொழிலின் கைத்தறித் துணிக்கு விலக்கு வைத்திருந்தது. ஆகவே பாதுகாப்புக் கோட்டை நான் எதிர்க்கவில்லை. நெசவாளரைக் காக்கும் கோடு வேண்டும் என்றே நினைக்கிறேன்.

நான் கேட்பது வேறு. கோடு கிழிப்பவர்கள் யாருக்காகக் கிழிக்கிறோம் என்பதை அந்த வரியோடு சேர்த்துப் பொதுவில் எழுதிவைக்க வேண்டும். குறித்த காலத்தில் திரும்ப எடுத்து, சொன்னவருக்குப் பயன் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்க வேண்டும். கிலோவுக்கு 115 ரூபாய் பின்னல் துணி ஆலைக்கு அரண். அதே துணியை வாங்கி மலிவு விலைச் சட்டை தைக்கும் சிறு பட்டறைக்கு அது செலவு. இருவரும் ஒரே ஊரில், சில சமயம் ஒரே தெருவில் இருப்பவர்கள். அவர்களுக்கிடையே தீர்ப்புச் சொல்லிவிட்டு அதை ஓர் எட்டு இலக்க எண்ணுக்குள் மூடிவைப்பது முறையாகாது. கம்பளிக்காரர் கேட்டது அச்சுப் பட்டறைக்குப் போனதைக் கண்டுகொள்ள இங்கிலாந்துக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. கண்டபின் செய்த திருத்தம் இன்னும் கடுமையான தடையாக முடிந்தது. 1774-இன் சட்டமாவது தன் கோட்டை ஒளிக்கவில்லை. துணியை விரித்துப் பார்த்த எவருக்கும் அந்த மூன்று நீல நூல்கள் தெரிந்தன. நம் அட்டவணையின் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அப்படியொரு நீல நூல் ஓட வேண்டும்.