டவாலி உங்க பேரைக் கூப்பிடும்போது...

நைட் ஷிப்ட் முடிந்து ரூமுக்கு வந்து அப்போதுதான் கண்ணை மூடியிருப்பீங்க. கதவு தட்டும் சத்தம். திறந்தால் போலீஸ்! கையில் ஒரு தாள். "இன்னார் நீங்கதானே? இங்க ஒரு கையெழுத்து போடுங்க." உங்க ரூம்மேட் முகத்தை அப்போ பார்க்கணுமே! டென்ஷன் ஆகாதீங்க. வந்திருப்பது சாட்சி சம்மன். நீங்க எதையோ பார்த்தீங்க. அதை வந்து சொல்லச் சொல்கிறது கோர்ட்.

அமெரிக்காவில் சிட்டிசன்ஷிப் வாங்கி செட்டிலான என் பெரியப்பா மகனுக்கு இதே மாதிரி ஒரு தபால் வந்தது. அது ஜூரி டூட்டி. சம்பந்தமே இல்லாத ஒரு வழக்கை உட்கார்ந்து கேட்டு, 'குற்றவாளியா இல்லையா' என்று சொல்ல வேண்டுமாம். அங்கே ஃபெடரல் கோர்ட்டில் ஒரு நாளைக்கு 50 டாலர் படியும் உண்டு. நம்ம ஊரிலும் ஜூரி இருந்ததுதான். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று 1945-ல் சென்னை ஐகோர்ட்டில் சொன்னது ஒன்பது பேர் கொண்ட ஜூரி. அதுவும் ஒருமனதாக இல்லை, ஆறுக்கு மூன்று. இரண்டு வருஷம் கழித்து, 1947-ல் ரெண்டு பேருமே விடுதலை ஆனார்கள். பிறகு 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லை. ஆக, தீர்ப்பு சொல்ல நம்மை யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் பார்த்ததைச் சொல்லத்தான்.

சரி, எந்தக் கோர்ட்டுக்குப் போகணும்? வேற ஊர்க்காரர்களுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. ஓசூர்க்காரர்களுக்குக் கேள்விதான். பெங்களூரு ரோட்டில் சிப்காட் தாண்டினால் ஜூஜூவாடி. நம்ம எல்லை அங்கே முடிந்துவிடும். அடுத்த மூச்சில் அத்திப்பள்ளி. அது ஆனேக்கல் தாலுகா, கர்நாடகா. ரோட்டில் கோடு எதுவும் கிடையாது, கடை போர்டில் எழுத்து மாறும், அவ்வளவுதான். ஆனால் முன்பு என்.எச். 7 ஆக இருந்து இப்போ என்.எச். 44 ஆகிவிட்ட அந்த ரோட்டில், ஒரு விபத்து கொஞ்சம் இந்தப் பக்கம் நடந்தால் உங்க சம்மன் ஓசூரிலிருந்து வரும். கொஞ்சம் அந்தப் பக்கம் நடந்தால் கன்னடத்தில் வரும்! பொதுவாக சம்பவம் எந்த எல்லையில் நடந்ததோ அங்கேதான் கிரிமினல் கேஸ். 'இது எங்க லிமிட் இல்லை' என்று புகார் வாங்காமல் அனுப்புவதற்கு மட்டும், 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதுச் சட்டத்தில் இடமில்லை. எந்த ஸ்டேஷனிலும் பதிவு செய்து, சேர வேண்டிய ஸ்டேஷனுக்கு அனுப்பலாம்.

மொழி பற்றிப் பயம் வேண்டாம். நம்ம பக்கம் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், கம்பெனி பஸ்ஸில் கன்னடம் என்று வாழ்கிறவங்கதானே பாதிப் பேர்? உங்களுக்கு எது சரளமோ அதில் சொல்லுங்க. மொழிபெயர்த்து எழுதிக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது.

என் கதைக்கு வருகிறேன். ஒரு நாள் பின்னிரவு, ஷிப்ட் முடிந்து நெடுஞ்சாலை ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்தேன். பின்னால் 'டமார்' என்று ஒரு சத்தம். திரும்பினால், லாரியின் பின்பக்கம் ஒரு பைக். ஓட்டி வந்த பையனுக்கு என் வயசுதான் இருக்கும். லாரிக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை. இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏனென்றால் என் செல்போன் வெளிச்சத்தில்தான் அவன் ஹெல்மெட்டைக் கழற்றினேன். 108 வந்தது. ஆனாலும் பிழைக்கவில்லை.

மறுநாள் ஒரு ஸ்டேஷனில் வாக்குமூலம். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாமே. பார்த்ததை எல்லாம் சொன்னேன். ஒன்று தெரிஞ்சுக்குங்க. போலீஸ் விசாரணையில் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் நீங்க கையெழுத்துப் போட வேண்டியதில்லை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. விபத்தில் உதவினவங்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 2016-ல் சுப்ரீம் கோர்ட் போட்ட உத்தரவும், 2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டமும் வந்த பிறகு, உதவிய ஒரே காரணத்துக்காக சாட்சி சொல்லியே ஆகணும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. எனக்கு அன்றைக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

சாட்சியாகச் சேர்ந்து, சம்மனும் கைக்கு வந்த பிறகு சும்மா இருக்கக் கூடாது. போகாவிட்டால் வாரண்ட் வரைக்கும் போகும். இன்னொரு எச்சரிக்கை: சம்மனை மின்னணு வழியிலும் அனுப்பப் புதுச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்காக வீடியோ கால் போட்டு 'கோர்ட்டிலிருந்து பேசறோம், பணம் கட்டு' என்று சொல்கிறவனை நம்பிவிடாதீங்க. அவன் திருடன்!

காலை பத்தரைக்கு முன்னாடியே போய்விடுங்க. சம்மன், ஐ.டி. கார்டு, தண்ணி பாட்டில். செல்லை ஆஃப் பண்ணிடுங்க. ஓசூர் குளிரில் ஸ்வெட்டரோடு போனாலும் கோர்ட் வராண்டா கூட்டத்தில் வேர்த்துவிடும். கோர்ட் ஏட்டைத் தேடிப் பிடித்து, 'வந்துட்டேன்' என்று சொல்லிவிடுங்க. அப்புறம் காத்திருப்பு. 'வாய்தா' என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் முழுசாகப் புரிஞ்சுக்குவீங்க! எனக்கு மூன்றாவது தடவைதான் விசாரணை நடந்தது. மூன்று நாள் சம்பளம் கட். கான்ட்ராக்ட் ஆள் என்பதால் அட்டெண்டன்ஸ் போனஸும் போச்சு. கிரிமினல் கேஸில் சாட்சியின் நியாயமான செலவை அரசு கொடுக்க கோர்ட் உத்தரவிடலாம். பேட்டா என்பார்கள், கூச்சப்படாமல் கேளுங்க. ஆஜரானதற்கு ஒரு சான்றும் கேட்டு வாங்குங்க, கம்பெனியில் காட்ட உதவும்.

வராண்டாவில் ரெண்டு பேர் என்னிடம் வந்தார்கள். முதலில் லாரிக்காரர் பக்கத்து ஆள். "தம்பி, இருட்டுல என்னத்த பார்த்திருக்கப் போறே? ஞாபகம் இல்லைன்னு சொல்லிடு." அடுத்து, செத்துப்போன பையனின் அண்ணன். அவர் எதையும் மிரட்டிக் கேட்கவில்லை. "லாரி வேகமா வந்து திடீர்னு பிரேக் போட்டதுன்னு சொல்லுங்க தம்பி. எங்கம்மாவுக்கு வேற யாரும் இல்ல." சத்தியமாக, முதல் ஆளை மறுப்பது சுலபமாக இருந்தது. ரெண்டாவது ஆள் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

உள்ளே போகும் முன் என் வாக்குமூலத்தைப் படிக்கக் கொடுத்தார்கள். 'லாரியை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து திடீரென பிரேக் போட்டதை நேரில் பார்த்தேன்' என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவே இல்லை! நான் சொன்ன விளக்கு விஷயத்தைத் தேடினேன். அதைக் காணோம்.

டவாலி என் பேரை மூணு தடவை கூப்பிட்டார். கூண்டில் ஏறினதும் சத்தியப் பிரமாணம். கடவுள் பேரில் வேண்டாம் என்றால் உளமார உறுதியும் சொல்லலாம். அரசு வக்கீல் கேட்டார்: "லாரி என்ன வேகத்தில் வந்தது?"

"தெரியாதுங்க. சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்."

ஒரு நிமிஷம் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வாக்குமூலத்திலிருந்து முழுசாக மாறினால் 'பிறழ் சாட்சி' என்று முத்திரை விழும் என்று ஏட்டு வெளியே சொல்லியிருந்தார். முழங்கால் ஆடியது. திரும்பினதும் என்னென்ன பார்த்தேன் என்று கேட்டார்கள். பைக் கிடந்த இடம், எரியாத விளக்கு, செல்போன் வெளிச்சம் எல்லாம் சொன்னேன்.

அடுத்து குறுக்கு விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டேதான் எழுந்தார். "விளக்கு எரியலைன்னு போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அதில் இல்லையே? இன்னிக்கு யார் சொல்லிக்கொடுத்து சொல்றீங்க?"

கோபம் வரும். விழுங்கிடுங்க. "சொன்னேனுங்க. எழுதினாங்களான்னு எனக்குத் தெரியாது" என்றேன். கேள்வி புரியவில்லை என்றால் திருப்பிக் கேட்கலாம். 'தெரியாது' என்பதும் பதில்தான். கடைசியில் நீங்க சொன்னதை டைப் செய்து வைத்திருப்பார்கள். படித்துக் காட்டுவது முறை, தப்பு இருந்தால் அங்கேயே சொல்லுங்க. என் சாட்சியத்தில் 'இடதுபுறம்' என்பது 'வலதுபுறம்' ஆகியிருந்தது. சொன்னேன், திருத்தினார்கள்.

மொத்தம் இருபது நிமிஷம்தான். வெளியே வந்தால் அந்த அண்ணன் டீக்கடையில் நின்றிருந்தார். ஒன்றும் பேசவில்லை. எனக்கும் சேர்த்து ஒரு டீ சொன்னார்.

ஒரு விபத்துக்கு ரெண்டு வழக்கு உண்டு, தெரியுமா? கிரிமினல் கேஸ் தனி, நஷ்டஈடு கேட்கும் கேஸ் தனி. நஷ்டஈட்டு வழக்கை, கேட்பவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். அவங்க வீடு கிருஷ்ணகிரி பக்கம். ஓசூரிலிருந்து சூளகிரி வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர். சம்மன் போன வாரம் வந்துவிட்டது. சூப்பர்வைசரிடம் இன்னும் சொல்லவில்லை.