தினமும் மூன்று வரி நன்றி

வீட்டில் அம்மா தோசை சுட்டுப் போடும்போது "நன்றி அம்மா" என்று சொல்லிப் பாருங்கள். "என்னடா ஆச்சு உனக்கு? உடம்பு சரியில்லையா?" என்றுதான் கேட்பார். நம் ஊரில் நன்றி என்பது மேடைக்கான வார்த்தை. விழா முடிவில் நன்றியுரை என்று ஒருவர் எழுந்து வருவார். அதற்குள் பாதிக் கூட்டம் கிளம்பியிருக்கும்.

அதனால் நமக்கு நன்றி உணர்வே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, பொங்கல் ஊட்டுகிறோம். ஆயுத பூஜைக்கு ஸ்பானருக்கும் ஆட்டோவுக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். யாரும் மாட்டிடம் போய் நன்றி என்று சொல்வதில்லை, செய்து காட்டுகிறோம். ஆனால் அது வருடத்தில் ஒரு நாள். மீதி 364 நாளும் என்ன செய்வது?

திருக்குறளில் 11-வது அதிகாரத்தின் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. பழைய தமிழில் நன்றி என்றால் நன்மை. ஒருவர் நமக்குச் செய்த நன்மையை அறிவது என்பதுதான் தலைப்பின் பொருள். 'கூறுதல்' என்று வைக்காமல் 'அறிதல்' என்று வைத்திருப்பதைக் கவனியுங்கள்.

2003-ல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, வாரம் ஒரு முறை சில வரிகள் எழுதச் சொன்னார்கள். ஒரு குழு நன்றியாக உணர்ந்த விஷயங்களை எழுதியது. இன்னொரு குழு எரிச்சல் மூட்டியவற்றை எழுதியது. மூன்றாவது குழு சும்மா நடந்ததை எழுதியது. பத்து வாரம் கழித்துப் பார்த்தால், முதல் குழுவினர் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களைவிடத் திருப்தியாக இருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு நானும் ஒரு நோட்டு வாங்கினேன். முதல் வாரம் நன்றாகத்தான் போனது. மழை, மாலை டீ, ரத்தான வகுப்பு என்று எழுதினேன். இரண்டாவது வாரமும் மழை, டீ, வகுப்பு! அலுத்துவிட்டது. அதனால் எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு மனிதர், மூன்றே வரி. யார்? என்ன செய்தார்? அதற்காக அவருக்கு என்ன சிரமம்?

இந்த மூன்றாவது வரிதான் ஆளைப் படுத்தும். உட்கார்ந்த இடத்தில் யோசித்து எழுத முடியாது, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் சமைக்கும் அண்ணனிடம் கேட்டேன்.

"எத்தனை மணிக்கு எழுந்திரிப்பீங்கண்ணே?"

"மூணரைக்கு தம்பி. ஏழு மணிக்குள்ள நாலு ஈடு இட்லி இறக்கணும்ல?"

ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில்தான் அவர் படுக்கை. ஊருக்குப் போவது மாதம் இரண்டு முறை. மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இவ்வளவும் தெரிந்த பிறகு தட்டில் பாதி இட்லியை மிச்சம் வைக்க மனம் வருமா?

ஒரு நாள் மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போக, மாலை நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றார். இரவுச் சமையலுக்குக் காய் நறுக்கவும் சப்பாத்தி தேய்க்கவும் நாங்கள் ஐந்து பேர் போய் நின்றோம். சப்பாத்தி ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. சாப்பிட்டவர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் அண்ணன் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். நன்றி என்ற வார்த்தையை வைத்து வாயை அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஹாஸ்டல் தண்ணீர் மஞ்சளாக வருகிறது என்று சொன்னபோது, "இடம் கொடுத்து சோறும் போடறோம், நன்றியோட இருங்க" என்று பதில் வந்தது. யோசித்துப் பார்த்தேன். எங்களுக்காக மூன்றரை மணிக்கு எழுந்திருக்கிறவர் இதுவரை எங்களிடம் நன்றி கேட்டதே இல்லை. அதே மஞ்சள் தண்ணீரைத்தான் அவரும் குடிக்கிறார்.

ஆகவே மனுவில் எங்கள் மாடிக் குழாயோடு சமையலறைக் குழாயையும் சேர்த்து எழுதினோம். அண்ணனைப் பற்றித் தெரிந்திருக்காவிட்டால் அந்த வரி மனுவில் வந்திருக்காது. அடுத்த வாரம் தொட்டியைக் கழுவினார்கள். தண்ணீர் தெளிந்தது.

உண்மையான நன்றி உணர்வு நம்மை ஊமையாக்காது என்பதை அன்று புரிந்துகொண்டேன். யாருடைய உழைப்பில் நம் நாள் நகர்கிறது என்று தெரிந்தால், அவருக்காகவும் சேர்த்துப் பேசத் தோன்றும்.

நண்பர்களே, பெரிதாக எதுவும் வேண்டாம். இன்று இரவு ஒரே ஒருவரைப் பற்றி மூன்று வரி எழுதிப் பாருங்கள். மூன்றாவது வரி வரவில்லையா? நாளைக் காலை அவரிடமே போய்க் கேளுங்கள்.